மழைக்கு ஒரு தண்ணீர், கோடைக்கு ஒரு தண்ணீர்: வாசகர் கேள்வி – பதில்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என ஆண்டில் இரண்டு மழைக்காலங்களைப் பெறும் மாவட்டம் கன்னியாகுமரி. அங்கிருந்து எழுதிய வாசகர்கள், வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் நிறமும் மணமும் சுவையும் பருவத்துக்குப் பருவம் மாறுவதைப் பற்றிக் கேட்டிருந்த கேள்விகளை இவ்விதழில் ஒன்றாகத் தொகுத்து விடையளித்திருக்கிறோம்.

கேள்வி: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதும் எங்கள் வீட்டுக் குழாயில் கட்டன் சாயா (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் தண்ணீர் வருகிறது. குடத்தில் பிடித்து, படிகாரம் போட்டுத் தெளியவைத்துக் குடிக்கிறோம். இது போதுமா?
– வாசகி, வடசேரி, நாகர்கோவில்

பதில்: போதாது. தெளியவைத்த பிறகு கொதிக்கவைக்கவும் வேண்டும்.

நாகர்கோவிலுக்கு முக்கடல் அணையிலிருந்தும் புத்தன் அணைப் பகுதியிலிருந்தும் வருகின்ற தண்ணீர் அடிப்படையில் மலைத் தண்ணீர். கோடை மாதங்களில் மலைச்சரிவிலும் ரப்பர் தோட்டங்களிலும் ஓடைக் கரைகளிலும் சேர்ந்து கிடக்கும் புழுதியையும் சருகையும் கால்நடைக் கழிவையும் பருவத்தின் முதல் சில மழைகளே பெருமளவில் அடித்துக்கொண்டு வந்துவிடுகின்றன. ஆகவே ஆண்டு முழுவதிலும் மிகவும் அழுக்கான ஆற்றுநீர் வருவது, மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஜூலையில் அன்று, மழை தொடங்குகின்ற அந்த முதல் நாட்களில்தான். அந்தத் தண்ணீரில் இரண்டு வகை நிறம் கலந்திருக்கும். மண்ணால் வரும் கலங்கல் சில மணி நேரத்தில் அடியில் படிந்துவிடும். ஊறிய சருகிலிருந்து இறங்கும் சாயமோ எத்தனை நேரம் வைத்தாலும் படியாது.

சுத்திகரிப்பு நிலையத்தில் செய்வதும் ஏறத்தாழ நீங்கள் குடத்தில் செய்வதுதான். படிகாரம் சேர்த்து, நுண்துகள்களைத் திரளவைத்து, படியவிட்டு, மணல் வடிகட்டியில் செலுத்தி, இறுதியில் குளோரின் சேர்க்கிறார்கள். ஆனால் மலையில் பெய்யும் கனமழையால் ஆற்றுநீரின் கலங்கல் சில மணி நேரத்துக்குள் பல மடங்காக உயரும்போது, அதே வேகத்தில் படிகாரத்தின் அளவையும் சோதித்து மாற்ற வேண்டியிருக்கிறது. அதோடு, நம் மலைத் தண்ணீர் மென்னீராக இருப்பதால் படிகாரம் திரள்வதற்கு வேண்டிய காரத்தன்மை அதில் குறைவாக இருக்கும். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் திரள் சரியாக உருவாகாது. இவற்றில் ஏதேனும் ஒன்று பிசகினாலும் கலங்கிய தண்ணீர் குழாய்க்கு வந்துவிடும்.

2012-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 10500 என்னும் இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தின்படி கலங்கல் 1 அலகுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 5 அலகு வரை பொறுத்துக்கொள்ளலாம். நம் கண்ணுக்குக் கலங்கல் தெரியத் தொடங்குவதே ஏறத்தாழ 4 அலகில்தான். ஆகவே தம்ளரில் ஊற்றிப் பார்த்துத் தெளிவாக இருப்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் நல்லது என்று முடிவு செய்ய இயலாது. படிகாரம் மண்ணைப் படியவைக்கும்போது கிருமிகளில் ஒரு பகுதியையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும் என்பது உண்மை; எனினும் அது எந்தக் கிருமியையும் கொல்வதில்லை.

15 லிட்டர் குடத்துக்கு அரை கிராம் அளவுள்ள படிகாரமே போதும். அதை நன்றாகக் கலக்கி, அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, நான்காக மடித்த சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டி, அதன் பிறகு தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் அடுப்பில் இருந்தால் போதுமானது. மண்ணோடு சேர்த்துக் கொதிக்கவைத்துவிட்டுப் பிறகு தெளியவைப்பது தவறான வரிசை.

கேள்வி: மழைக்காலத்தில் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருக்கிறது. என் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதனால் கெடுதல் உண்டா?
– வாசகி, தக்கலை

பதில்: உங்கள் அச்சம் புரிகிறது. ஆயினும் குழாய்த் தண்ணீரில் வழக்கமாகச் சேர்க்கப்படும் அளவிலான குளோரினால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மழைத் தண்ணீரில் வரும் சருகுச் சாறும் மற்ற கரிமப் பொருட்களும் குளோரினைத் தின்றுவிடுவதால், கடைசி வீட்டுக் குழாய் வரை கிருமிநாசினி எஞ்சியிருக்க வேண்டுமானால் தொடக்கத்திலேயே கூடுதலாகச் சேர்க்கத்தான் வேண்டும். கழிவுநீரிலும் உரத்திலும் உள்ள அம்மோனியாவோடு குளோரின் சேரும்போது வாடை இன்னும் கூர்மையாகிறது. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி.

வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து, ஈ எறும்பு விழாமல் துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தால் வாடை பெருமளவு அகன்றுவிடும், கொதிக்கவைத்தாலும் அகலும். வாடை போன தண்ணீரில் கிருமிநாசினியும் போய்விட்டது என்பதை நினைவில் கொண்டு, அதில் கை படாமல், குழாய் வைத்த பாத்திரத்திலோ நீண்ட பிடியுள்ள கரண்டியாலோ எடுத்துப் பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் பல நாட்களாக வாடையே இல்லாத தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால், அப்போதுதான் நீங்கள் புகார் செய்ய வேண்டும்.

கேள்வி: சில நாட்களில் குழாய்த் தண்ணீர் பால்போல் வெளுத்து வருகிறதே, அது சுண்ணாம்பா?
– வாசகர், திங்கள்நகர்

பதில்: ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து மேசைமேல் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்து, ஓரிரு நிமிடங்களில் முழுவதும் தெளிந்துவிட்டால் அது வெறும் காற்று. குழாய் காலியாகி மறுபடி நிரம்பும்போது அழுத்தத்தில் கரைந்த காற்று நுண்குமிழிகளாக வெளிவருகிறது. வெண்மை மேலிருந்து தெளிந்து அடியில் வண்டலாக நின்றால் மட்டும் மேற்கொண்டு கவனிக்க வேண்டும்.

கேள்வி: பங்குனி, சித்திரை மாதங்களில் பல நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள். வருகின்ற தண்ணீரில் சேற்று வாசம் அடிக்கிறது. முதலில் கறுப்பாகவும் காவி நிறமாகவும் வந்து பிறகு தெளிகிறது. மழையே இல்லாதபோது சேறு எங்கிருந்து வருகிறது?
– வாசகர், கோட்டாறு

பதில்: நீங்கள் மூன்று தனித்தனிச் செய்திகளை ஒரே கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள்.

முதலாவது, வாசம். முக்கடல் அணையின் முழுக் கொள்ளளவு 25 அடிதான். கோடையில் அது அடிமட்டத்தை எட்டிவிடுகிறது. ஆழம் குறைந்து வெயிலில் சூடேறிய தேங்குநீரில் நீலப்பச்சைப் பாசி பெருகும்போது, அது ஜியோஸ்மின் என்னும் பொருளை வெளியிடுகிறது. புதுமழையில் மண்ணிலிருந்து எழும் வாசத்துக்குக் காரணமான அதே பொருள் இது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். மணல் வடிகட்டியாலும் குளோரினாலும் அது எளிதில் போவதில்லை. கரித்தூள் வடிகட்டியால் குறையும். அந்த அளவில் வாசத்தால் உடலுக்குத் தீங்கு இல்லை.

இரண்டாவது, நிறம். அணையின் அடித்தட்டு நீரில் பிராணவாயு தீர்ந்துபோகும்போது, சேற்றிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்து தண்ணீரில் கலக்கின்றன. குளோரினைச் சந்தித்ததும் இரும்பு காவியாகவும் மாங்கனீசு கறுப்பாகவும் மாறிக் குழாயின் உட்சுவரில் படிகின்றன. பல நாட்கள் வறண்டிருந்த குழாயில் திடீரெனத் தண்ணீர் பாயும்போது, அந்தப் படிவும் பழைய இரும்புக் குழாயின் துருவும் பெயர்ந்து வருகின்றன.

மூன்றாவதும் உண்மையில் கவலைக்குரியதும், அந்த இடைவெளிதான். தண்ணீர் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கும் குழாயில் விரிசல் இருந்தால் உள்ளிருப்பது வெளியே கசியும். காலியான குழாயிலோ வெளியிலிருப்பது உள்ளே இழுக்கப்படும். சாக்கடையை ஒட்டியும் அதற்கு அடியிலும் குழாய் செல்கின்ற தெருக்களில் உள்ளே இழுக்கப்படுவது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் போனதைப் போல, மின்சாரம் நின்று நீரேற்றம் தடைப்படும் நாட்களிலும் இதே ஆபத்து உண்டு.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் பொருத்தித் தெருக்குழாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, அந்தத் தெரு முழுவதன் குழாயிலும் வெற்றிடத்தை உண்டாக்கிச் சாக்கடையை உள்ளே இழுத்துவிடுவதும் அதுதான். அடுத்த வீட்டுக்குச் சேர வேண்டிய தண்ணீர் குறைவது ஒரு தீங்கு என்றால், அவர்களுடைய குடத்தில் நோயைக் கலப்பது அதைவிடப் பெரிய தீங்கு. மோட்டார் வைத்தவரின் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான் வருகிறது.

முதலில் வருவதைத் தெளியும்வரை தனியாகப் பிடித்துச் செடிக்கும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வருவதைக் குடிக்கப் பிடித்துக் கொதிக்கவையுங்கள். சேமித்து வைக்கும் பாத்திரங்களின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்குவைப் பரப்பும் கொசு வளர்வதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தேங்கிய சுத்தமான தண்ணீரே போதும். மொட்டைமாடியிலுள்ள கருநிறப் பிளாஸ்டிக் தொட்டியில் கோடை வெயில் தண்ணீரைச் சூடாக்கி, எஞ்சியிருக்கும் குளோரினையும் விரைவில் அழித்துவிடுகிறது. ஆகவே அந்தத் தொட்டியின் தண்ணீரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குடிதண்ணீரைக் கீழேயே நேரடியாகப் பிடிப்பது நல்லது.

கேள்வி: கோடையில் எங்கள் பகுதிக் குழாயிலும் கிணற்றிலும் தண்ணீர் கரிக்கிறது. கொதிக்கவைத்தால் உப்பு குறையுமா?
– வாசகி, குளச்சல்

பதில்: குறையாது, ஆவியாவது தண்ணீர் மட்டும் என்பதால் உப்பின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

கடற்கரை மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கனமான கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி இறங்கினால், கீழே உப்புநீரின் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலேறும். கோடையில் ஊற்று வற்றியிருக்கும்போது மோட்டாரை நீண்ட நேரம் ஓட்டுவது உப்புநீரை நாமே கூப்பிடுவதாகும். நூற்றுக்கு 2 பங்கு கடல்நீர் கலந்தால் போதும். லிட்டருக்கு ஏறத்தாழ 380 மில்லிகிராம் குளோரைடு சேர்ந்து, தரநிர்ணயம் விரும்பத்தக்கது என்று சொல்லும் 250 மில்லிகிராமைத் தாண்டிவிடும்.

குழாய்த் தண்ணீரும் கரிப்பதற்கு வேறு காரணம் உண்டு. ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுக்கும் திட்டங்களில், ஆற்றின் ஓட்டம் குறைந்ததும் கடல் ஏற்றத்தோடு உப்புநீர் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி வந்துவிடுகிறது. குழித்துறைத் தாமிரபரணியில் தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகே பரக்காணியில் தடுப்பணை கட்டியதன் நோக்கமே இதைத் தடுப்பதுதான். உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கோடையில் கலந்து விநியோகிக்கும் இடங்களிலும் கரிப்பு ஏற்படும்.

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. கருவிதான் வழி. மாவட்டத்தின் உட்பகுதியில், உப்பே அதிகமில்லாத அணைத் தண்ணீருக்கு அதைப் பொருத்துவது பணத்துக்கும் தண்ணீருக்கும் வீண். உங்கள் ஊருக்கு அது பொருந்தும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், கோடையில் குடிக்கும் தண்ணீர் கரிப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு, கடலோர வீடுகளுக்கே மிகுந்த பயன் தரக்கூடியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைக் கிணற்றடியில் இறக்கிவிட்டால், அடுத்த கோடையில் உப்புநீரை அது கீழே அழுத்தி வைத்திருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர். மழைக்காலத்தில் கிணற்றின் கைச்சுவருக்கு அருகே வரை தண்ணீர் ஏறிவிடும். கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் அந்தத் தண்ணீரை அப்படியே குடித்துத்தான் வளர்ந்தோம். இப்போது வீட்டில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. கழுவுத்தொட்டியில் நீலப்பச்சைக் கறையும் படிகிறது. கிணறு கெட்டுவிட்டதா?
– வாசகர், அருமனை

பதில்: உங்கள் கேள்விக்கு விரிவாகவே விடை எழுத வேண்டும், ஏனெனில் விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் வட்டங்களில் வீட்டுக்கொரு கிணறு இருப்பதால் இது பல்லாயிரம் வீடுகளின் கேள்வி.

முதலில் கறையைச் சொல்லிவிடுகிறேன். நூற்றாண்டுகளாகக் கனமழையில் சுண்ணாம்புச் சத்துக் கரைந்துபோன செம்மண்ணும் வெட்டுக்கல்லும் நிறைந்த பகுதி உங்களுடையது. அந்த மண்ணில் ஊறிவரும் தண்ணீரில் அமிலத்தன்மை கூடுதலாக இருக்கும். இருக்க வேண்டிய பி.எச். அளவான 6.5-க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. அது பித்தளைக் குழாய்களிலுள்ள செம்பைக் கரைப்பதால்தான் நீலப்பச்சைக் கறை விழுகிறது. காலையில் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்க எடுக்காமல் விட்டுவிடுங்கள். பழைய பித்தளைக் குழாய்களில் ஈயமும் சேர்ந்திருக்கும் என்பதால், குடிக்கப் பிடிக்கும் குழாயை மாற்றிவிடுவது நல்லது. ரப்பர் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் பயன்படுத்தப்படுவதால், ரப்பர் ஷீட் அடிக்கும்போது வழியும் தண்ணீர் கிணற்றடிப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. கோடையில் கழிப்பறைக் குழிக்கும் கிணற்று நீர்மட்டத்துக்கும் இடையே பல அடி உலர்ந்த மண் இருக்கிறது. கழிவுநீர் அந்த மண்ணின் வழியே மெல்ல இறங்கும்போது கிருமிகள் வடிகட்டப்பட்டு மடிகின்றன. மழைக்காலத்தில் நீர்மட்டம் குழியின் அடியைத் தொடும் அளவுக்கு ஏறிவிடும்போது அந்த உலர்மண்ணே இல்லாமல் போகிறது. துளைகள் நிறைந்த வெட்டுக்கல்லில் தண்ணீர் விரைந்து பாய்கிறது. ஆனாலும் மண்துகள் வடிந்துவிடுவதால் தண்ணீர் தெளிவாகவே தோன்றும். நீங்கள் சிறு வயதில் குடித்தபோது உங்கள் கிணற்றைச் சுற்றி எத்தனை கழிப்பறைக் குழிகள் இருந்தன, இப்போது எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் வேண்டும் என்பது பொதுவிதி. மூன்று சென்ட், ஐந்து சென்ட் மனைகளில் உங்கள் குழி உங்கள் கிணற்றுக்கு எட்டி இருந்தாலும், பக்கத்து வீட்டுக் குழி நெருங்கி இருக்கும். இதை அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் இல்லாமல் பேசித் தீர்ப்பதே நன்று; இருவருடைய கிணறுகளும் ஒரே ஊற்றில்தான் நிற்கின்றன.

இனி, செய்ய வேண்டியது. மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறையாவது கிணற்றில் குளோரின் சேர்க்க வேண்டும். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது அடிப்படைக் கணக்கு. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் 9.42 கன மீட்டர், அதாவது 9,420 லிட்டர் இருக்கும். அதற்கு ஏறத்தாழ 24 கிராம் தேவை. பவுடரைச் சிறிது தண்ணீரில் குழைத்து, வாளியில் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக அசைத்துக் கலந்துவிடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் தண்ணீர் எடுக்கக் கூடாது. இரவில் சேர்த்துக் காலையில் எடுப்பது வசதி. ஒரு மணி நேரத்துக்குப் பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதனைக் கருவியால் பார்த்து, குறைந்தால் அளவைக் கூட்ட வேண்டும். ஈரக்காற்று பட்ட பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால், நம் ஊர் மழைக்காலத்தில் திறந்து வைத்த பொட்டலத்தை நம்ப வேண்டாம்.

2021 நவம்பரில் வந்ததுபோன்ற வெள்ளம் கைச்சுவரைத் தாண்டிக் கிணற்றுக்குள் புகுந்துவிட்டால், மேற்சொன்ன அளவு போதாது. வெளியே வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை இறைத்து, வண்டலை அள்ளி, அதிக அளவில் குளோரின் சேர்த்து, மறுபடியும் இறைத்து, பரிசோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இருக்க வேண்டும். சுகாதாரத் துறைப் பணியாளர்களின் மேற்பார்வையில் இதைச் செய்யுங்கள்.

பரிசோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தை அணுகலாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் கிருமிநீக்கிய புட்டியில்தான் மாதிரி எடுக்க வேண்டும்; குளிர்பானப் புட்டியைக் கழுவிக் கொண்டுபோவதால் பயன் இல்லை. எடுத்த மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். 100 மில்லி லிட்டரில் ஈ.கோலி என்னும் குடல் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பலரும் கோடை விடுமுறையில் ஒருமுறை பரிசோதித்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். கிருமிக்கு நீர்மட்டம் ஏறியிருக்கும் ஜூலையிலோ நவம்பரிலோ எடுக்கும் மாதிரியே உண்மையைச் சொல்லும். உப்புக்கும் தாதுக்களுக்கும் கோடை மாதிரி வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் சீரகமோ பதிமுகமோ (சிவப்புச் சாயம் இறங்கும் மரத்துண்டு) போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். அப்படியிருந்தும் சென்ற மழைக்காலத்தில் என் மகனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. எப்படி?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மகன் நலமடைந்திருப்பார் என்று நம்புகிறேன். காரணத்தைத் தேட வேண்டிய இடம் உங்கள் அடுக்களையாக இல்லாமலும் இருக்கலாம். ஹெபடைடிஸ் ஏ கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் வரை ஆகும். சராசரியாக நான்கு வாரம். ஆகவே காய்ச்சல் வந்த வாரத்தில் குடித்த தண்ணீரை விட்டுவிட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னர் அவர் எங்கே சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

கல்யாண வீடுகளிலும் சில உணவகங்களிலும் சீரகத் தண்ணீரை அண்டாவில் கொதிக்கவைத்து, பந்திக்கு நேரமாகிவிட்டதென்று அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றும் வழக்கம் இருக்கிறது. வெதுவெதுப்பாகவும் நிறத்தோடும் மணத்தோடும் இருப்பதால் அது கொதித்த தண்ணீர் என்றே எல்லோரும் நம்பிக் குடிக்கிறோம். அரை அண்டா பச்சைத் தண்ணீர் சேர்ந்த பின் அது கொதிக்கவைக்காத தண்ணீருக்குச் சமம். பதிமுகத்தின் சிவப்பு நிறம் தண்ணீரின் கலங்கலையும் மறைத்துவிடுகிறது. சீரகமும் பதிமுகமும் சுவைக்கும் செரிமானத்துக்கும் நல்லவை என்றே வைத்துக்கொள்வோம்; கிருமியை அழிப்பது கொதி மட்டுமே.

விசேஷ வீட்டுக்குத் தண்ணீரை முந்தின இரவே கொதிக்கவைத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிடச் சொல்லுங்கள். அவசரமென்றால் மூடிய பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீர் நிறைந்த பெரிய அண்டாவுக்குள் இறக்கி வைத்து ஆற்றலாம். வீட்டிலும் குழந்தைகள் சூட்டைத் தணிக்கக் குழாய்த் தண்ணீரைக் கலந்து குடிக்கிறார்களா என்று கவனியுங்கள். ஹெபடைடிஸ் ஏ-க்குத் தடுப்பூசி உண்டு; வீட்டில் இன்னும் அந்த நோய் வராத பிள்ளைகள் இருந்தால், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.